குழாய்க்குள் போன ஆறு

ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தியை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கொண்டு வந்தவர் என் கணவர்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவர், கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலில் நின்று சொன்னார்: "மேல் ஆத்துல கரண்டு எடுக்கப் போறாங்களாம். கொழும்புக் கம்பனி. ஆளு தேடுறாங்க."

நிவித்திகலயிலிருந்து கலவானைக்குப் போகும் பாதையை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். தொண்ணூறுகள் முடிகிற காலம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. நான் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் இருந்தது. லயத்தில் எல்லா வீட்டிலும் குப்பி லாம்புதான்.

கம்பனியின் இஞ்சினியர் கூட்டம் போட்டது எங்கள் பிள்ளைக் காம்பராவில். அவர் சிங்களத்தில் பேசப் பேச, என் கணவர் தமிழில் சொன்னார். கிராமத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஆத்த யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்லையாம். மேல மறிச்சு, குழாய்ல கீழ கொண்டு போயி, மெஷினைச் சுத்த வச்சிட்டு, திரும்ப ஆத்துலயே விட்ருவாங்களாம்."

"எங்க லயத்துக்கு லைட் வருமான்னு கேளுங்கண்ணே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கரண்டு பெரிய லைனுக்குத்தான் போகும், பிறகு எல்லோருக்கும் வரும் என்றார் இஞ்சினியர். எல்லோரும் கை தட்டினோம். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆற்றை மறிக்கும் இடத்துக்கும் திரும்ப விடும் இடத்துக்கும் நடுவில்தான் எங்கள் லயமும், ஆற்றுத் தண்ணீர் கொட்டுகிற, நாங்கள் குளிக்கிற பீலியும், பிள்ளைக் காம்பராவுக்குத் தண்ணீர் கொண்டு வந்த குழாயும் இருந்தன. அன்றைக்கு அது யாருடைய புத்தியிலும் படவில்லை.

கட்டி முடிந்ததும் அவருக்கு அணையில் வாட்சர் வேலை கிடைத்தது. கம்பி வலையில் அடைக்கிற இலை தழைகளை வாருவதும், வெள்ளம் வந்தால் கதவைத் திறந்து விடுவதும்தான் வேலை. நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு நடந்த காலம். ரேடியோவில் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்காருவார். "இங்க பாரு புள்ள, எண்ணெ வேணாம், பொகை இல்ல. மழை பெஞ்சா போதும்" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மழை உள்ள மாதங்களில் குறை ஒன்றும் தெரியவில்லை. முதல் வெயில் காலத்தில் பீலி நூலாக ஒழுகி நின்றே போனது. ஆற்றுக்கென்று கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்பது கம்பனி ஒத்துக்கொண்ட பேச்சு. விட்டார்கள்தான். அது கல்லுக்குள் இறங்கி, எங்கள் வரை வந்து சேரவில்லை. நான் தேயிலைக்குள் இருந்த ஒரு ஊற்றில் குடம் வைத்துக் காத்திருந்து பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தேன். மேலே உரம் போடுகிற மலை. கொதிக்க வைத்தாலும் அதில் ஒரு வாடை இருந்தது.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் தமிழ் தெரிந்த கொழும்பு ஐயா ஒருவரும் வந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, வீட்டில் என்ன எரிக்கிறோம் என்று கேட்டார்கள். விறகும் மண்ணெண்ணெயும் என்றேன். இந்த மின்சாரத்தை எண்ணெய் எரித்து எடுத்திருந்தால் இவ்வளவு புகை வந்திருக்கும், வராமல் போன அந்தப் புகையைக் கணக்குப் பார்த்து வெளிநாட்டில் விற்கலாம், உலகம் சூடாவது குறையும் என்று அந்த ஐயா பொறுமையாக விளக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். "வராத பொகைக்கா காசு? அப்ப வராத தண்ணிக்கு எவ்வளவு குடுப்பாங்க, கேளுங்கய்யா."

அவர் அதை மொழிபெயர்த்தாரா என்று தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்தபடி எங்களைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வெயிலில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. பக்கத்து வீட்டுக்காரியின் சின்ன மகள் என் மடியிலேயே துவண்டு விழுந்தாள். கலவானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். அவளை வீட்டுக்குக் கொண்டு வந்த மறுநாள் காலையில் பெண்கள் யாரும் கொழுந்து மலைக்குப் போகவில்லை. நேரே அணைக்குப் போனோம். நானும் போனேன்.

என் கணவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணே, கதவைத் தொறந்து விடுங்க. ஒரு நாளைக்குப் போதும். புடிச்சு வச்சுக்குறோம்."

"நான் தொறந்தா என் வேல போயிரும், தங்கச்சி."

யாரும் சத்தம் போடவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்களோடேயே நின்றேன். போய்க் கதவுச் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் பழைய பாதையில் இறங்கியது. பெண்கள் கத்திக்கொண்டே அதோடு கீழே ஓடினார்கள். பொழுது சாயும் வரை பீலியில் குளித்தோம், துவைத்தோம், வீட்டில் இருந்த சட்டி பானை எல்லாம் நிரப்பினோம். அவர் மட்டும் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

இஞ்சினியர் வந்தது அடுத்த நாள். திட்டவில்லை. "அவரு தல குனிஞ்சுதான் பேசுனாரு. ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டலன்னா என்னைய நிப்பாட்டிருவாங்கன்னு சொன்னாரு. அந்த இஞ்சினியர் மாத்தயாவ என்ன குத்தம் சொல்றது?" என்றார் என் கணவர். புதிய வாட்சர் கிராமத்திலிருந்து வந்தார். கதவுச் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். பெண்கள் மறுபடியும் போய் நின்றார்கள், தோட்டத் தலைவரும் போனார், பிரதேச சபைக்கும் போய்ச் சொன்னோம். எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தோட்டத்தில் அவருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அலைந்து பார்த்துவிட்டு, புத்தளம் பக்கம் நிலக்கரி மின்நிலையம் கட்டுகிற இடத்துக்குக் கொங்கிரீட் வேலைக்குப் போனார். முதல் தடவை லீவில் வந்தபோது அந்தப் புகைக்கூண்டின் உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அதுல பொகை வருமாங்க?"

"வராம? கரி எரிப்பாங்கல்ல. நாட்டுக்குக் கரண்டு பத்தாதாம். ஆத்துத் தண்ணிய நம்பி இருக்க முடியாதுங்குறாங்க."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

எங்கள் லயத்துக்கு மின்கம்பி வந்தது அவர் புத்தளம் போன பிறகுதான். வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தண்ணீருக்கு அலைய முடியாமல் சில குடும்பங்கள் இரத்தினபுரிப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டன. பக்கத்து வீட்டுக்காரியும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

யுத்தம் முடிந்த வருடம் அவர் போனில் கேட்டார். "நீயும் இங்கயே வந்துரு புள்ள. கம்பனி கேம்ப்புக்கு வெளிய ரூம் பாத்திருக்கேன்."

"அங்க தண்ணி எப்படிங்க?"

"கெணத்துல உப்புத் தண்ணி. பவுசர் லொறில கொண்டாந்து ஊத்துவாங்க."

"இங்க மழைக்காவது பீலில தண்ணி வருது. அப்ப இங்கயே இருந்துக்குறேன்" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. சம்பளம் போட்டால் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.