கண்ணாடித் துண்டுகளுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில், காந்தக் கருவிகள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. நாலாவது வரைக்கும்தான் படித்தேன். யார் பேசினாலும் தலையைக் குனிந்துகொண்டு "ம்" என்பதோடு சரி. ஆராய்ச்சி அறையில் இருந்த பெண் மட்டும் என்னை விடமாட்டாள். ஆவடியிலிருந்து வருவாள். என் மகள் வயது.

ஒருநாள் நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்றைக் காட்டினாள். "இதுல என்ன தெரியுது, சொல்லுங்கக்கா."

"பளபளன்னு கீது. வேற இன்னா மா?"

"ரெண்டு இரும்புப் பூச்சு, நடுவுல வேற உலோகம். ஒரு தலமுடிய ஆயிரமா பொளந்தாலும் இவ்ளோ மெல்லிசா வராது. ரெண்டு இரும்பும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டு நிக்கும். அப்போ கரண்டு தடங்கிப் போகும். காந்தத்தக் கிட்ட கொண்டாந்தா ரெண்டும் ஒரே பக்கம் திரும்பிடும். கரண்டு சுளுவா போகும்."

"எங்க ஊட்ல நானும் என் ஓர்ப்படியும் அப்டித்தான் மா. மாமியா வந்தா ஒரே பக்கம் திரும்பிடுவோம்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் பேசி ஒருவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜை வந்தது. எல்லா எந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். வைத்துக்கொண்டே வந்த நான், அந்தப் பெண்ணின் மேசையில் அந்தத் துண்டுகள் இருந்த டப்பாவைத் திறந்தேன். அவளுடைய உழைப்பெல்லாம் இதில்தானே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஆசையாக ஒரு பொட்டு வைத்தேன்.

பூஜை விடுமுறை முடிந்து காலையில் முதல் ஆளாகப் போனேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தேன். பளபளப்பும் அங்கங்கே துணியோடு வந்துவிட்டது. டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் அளந்து பார்த்தபோது, காந்தத்தை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் மீட்டரில் எண் மாறவில்லை. அறைக்குப் பொறுப்பான சார் கத்தினார்.

"மூணு மாசமா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே? நாளைக்குப் பாக்க வர்றவங்களுக்கு உன் மூஞ்சியவா காட்றது?"

"என் தப்புதான் சார். பூச்சு சரியா ஒட்டல போல."

நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். துடைத்தது நான்தான் என்று சொல்லாமல் வாசலையே மறுபடி பெருக்கினேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இனிமேல் அவள் என்னை அக்கா என்று கூப்பிடமாட்டாளே என்பதுதான் பயம்.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கண்ணாடியையும் பத்துத் தடவை கழுவினாள். அப்படியும் அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் சோற்று டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு என் முன்னால் கையை நீட்டினாள்.

"அக்கா, என் கை நடுங்குதா? நெஜத்தச் சொல்லுங்க."

கை அசையவே இல்லை. அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். கை நடுங்கவில்லை என்றால் வேறு யார் காரணம் என்று தேடுவாளே என்று தோன்றியது.

"லேசா நடுங்குது மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து பூச்சுப் போடுகிற வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எண்களை மட்டும் எழுதினாள்.