புது எலும்பு

நான் அண்ணி என்று கூப்பிடுகிற என் நாத்தனாருக்கு ஆராய்ச்சி மையத்தில் எலும்பு கழுவுகிற வேலை. கடல் தாண்டி வந்தவர்கள் எங்கள் ஊர் மேட்டைத் தோண்டி எடுத்து வருவதையெல்லாம் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைப்பாள். காய்ந்ததும் பஞ்சு வைத்த பெட்டி, ஏசி அறை. செத்து மூவாயிரம் வருஷம் ஆனவனுக்கு இருக்கிற கொடுப்பினையைப் பாருங்கள்! அதே மையத்தில் சமைக்கிற எனக்கு அடுப்படியில் ஒரு ஃபேன் கிடையாது.

அங்கே ஒரு சட்டம் உண்டு. தோண்டும்போது பிளாஸ்டிக் அகப்பட்டால் அந்த மண் புதுசு. அதில் என்ன இருந்தாலும் குவியலில் கொட்டிவிடுவார்கள். போன மாதம், தோண்டுகிற கூட்டத்திலிருந்த ஒரு படிப்பாளிப் பெண் சிரித்துக்கொண்டே கழுவுமிடத்துக்கு வந்தாள். கையில் குழந்தை போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் வளையல்.

“அக்கா, மகாராணியோட நகையைப் பாத்தீங்களா?”

அண்ணி அதை வாங்கித் திருப்பினாள். ஓரிடத்தில் உருகி ஒட்டியிருந்தது. கைக்குப் பெரிதாக இருக்கிறதென்று வெட்டி, நெருப்பில் காட்டி ஒட்டியவள் அண்ணிதான். பால்குடி மறப்பதற்குள் போய்விட்ட அவளுடைய தலைச்சன் பெண்ணுக்குப் போட்டது. அந்த வளையலோடுதான் பிள்ளையை மேட்டோரத்தில் ஒரு கல்கூட நடாமல் புதைத்திருந்தோம்.

“கூட எலும்பு இருந்துச்சா?”

“சின்னச் சின்னதா கொஞ்சம். கொட்டிட்டோமே!”

கொட்டிட்டாளாம்! டீ கொடுக்க வந்து நின்ற நான் தட்டை அங்கேயே வைத்தேன்.

வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று அந்தக் குவியலை மறுநாள் பரப்பி மட்டம் தட்டுவதாக இருந்தார்கள். இருவரும் இயக்குநரிடம் ஓடினோம். அவரும் கடல் தாண்டி வந்தவர்தான், ஆனாலும் எங்கள் பேச்சை நன்றாகவே பேசுவார். அது வேறு வயிற்றெரிச்சல்.

“ஒரு வாரம் பொறுங்கய்யா. சலிச்சு எடுத்துக்கறேன். என் புள்ள அது.”

அவருக்கு முகம் வாடத்தான் செய்தது. “ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா டிராக்டர் நாளைக்கு விட்டா கிடைக்காது. வேலை முடிஞ்சதும் போய்த் தேடிப் பாருங்களேன்.”

வேலை முடிஞ்சதுமாம். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா!

அண்ணி அங்கேயே பிரஷ்ஷை வீசிவிட்டுச் சல்லடையைத் தூக்கினாள். நானும் உலையை இறக்கிவைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். வெளிச்சம் போகும்வரை சலித்தோம். ஓடு வந்தது, பாட்டில் மூடி வந்தது, ஆட்டெலும்பு வந்தது. பிள்ளை வரவில்லை.

இயக்குநர் வந்து எட்டிப் பார்த்தார். அண்ணி நிமிர்ந்து, காறித் துப்பாத குறையாகக் கேட்டாள்.

“எத்தன வருஷம் ஆனா என் புள்ளையப் பெட்டியில வைப்பீங்க?”

அந்த மனுஷன் தாடியைச் சொறிந்துகொண்டு நிஜமாகவே யோசித்தார்.

“இருநூறு வருஷமாவது ஆகணும்மா.”

காலையில் டிராக்டர் வந்தது. அண்ணிக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், சோறு போட வேண்டும், வேலையை விடவில்லை. மட்டம் தட்டிய இடத்தில் இப்போது இயக்குநரின் ஜீப் நிற்கிறது. தினமும் டிரைவர் அதைக் கழுவுகிறான். அந்தச் சேற்றுத் தண்ணீரெல்லாம் எங்கள் பிள்ளை மேல்தான் இறங்குகிறது.