செல்வி அக்கா வீட்டு வாசல்

கூடையைத் தலையில் சுமந்து கோட்டுச்சேரித் தெருக்களில் மீன் விற்றவள் நான். எந்த வீட்டில் எந்த மீன் கேட்டார்கள் என்பதை மனத்திலேயே வைத்திருப்பேன். மகன் வண்டி வாங்கியதும் நடையை விட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மீனை எடுத்துக் கொடுப்பதோடு சரி. கொஞ்ச நாளில், ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வீடு வருவதற்குள் மறந்தது. அசதி என்று விட்டுவிட்டேன்.

ஒரு காலை மாடு குறுக்கே வர, வண்டி பல வருடமாக என்னிடம் மீன் வாங்கிய செல்வி அக்கா வீட்டு வாசலில் நின்றது.

"செல்வி அக்கா, சங்கரா மீன் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தேன்.

மகன் என் கையைப் பிடித்தான். "அம்மா, அவங்கதான் செத்துட்டாங்களே. நாமதானே போயி மாலை போட்டுட்டு வந்தோம்."

அப்போதுதான் வாசலில் பந்தல் கண்ணில் பட்டது. இன்னும் கருமாதி ஆகவில்லை. அதுவரை மீன் வாங்காத வீடு.

அக்காவின் மகள் வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மாவ இனிமே யாரு கூப்புடப் போறாங்கன்னு இருந்தேன். பரவால்லங்க" என்றாள்.

அவள் திட்டாததில்தான், ஒரு சாவையே மறந்துவிட்டேனே என்று எனக்குப் பயம் பிடித்தது. டாக்டரிடம் போனேன்.

"மறதிக்குப் பல காரணம் இருக்கும், பாக்கணும். ஆனா நடந்து பழகுன ஒடம்ப ஒக்கார வெச்சிட்டீங்க. தெனமும் நடங்க, மூளைக்கும் நல்லதுங்க" என்றார்.

மறுபடி கூடையோடு நடக்கிறேன். மறதி முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது அக்காவின் பெயர் நாக்கு நுனிவரை வந்து, சாவு நினைவுக்கு வர அங்கேயே நின்றுவிடுகிறது. அவர் இல்லை என்பது வலிக்கிறது. வலிக்கட்டும். நினைவிருந்தால்தானே வலிக்கும்.