சைகோன் கத்தி கறுத்த முகூர்த்தம்

எங்கள் வீட்டு அடுக்களையில் புளியங்கொட்டை எடுப்பதற்கென்று ஒரு கத்தி கிடக்கிறது. ஒரு சாண் நீள அலகு, மான்கொம்புப் பிடி, இரண்டும் சேருமிடத்தில் பித்தளைப் பூண். பிடியின் ஒரு பக்கம் பொசுங்கி, அலகில் பாதிக்குமேல் நீலமும் கறுப்புமாகத் திட்டுப் பிடித்திருக்கும். தீட்டினால் ஒரு தேங்காய் வரைக்கும் கூர் நிற்கும், அடுத்த தேங்காய்க்குப் பல்லை இளித்துவிடும். என் மகன் கழனிக்குக் கத்தி வாங்க வேண்டுமென்றால் கடைக்குக் கடை ஏறி இறங்கி, இது எந்த ஊர் எஃகு, துரு பிடிக்குமா பிடிக்காதா என்று கடைக்காரன் பிராணனை வாங்குகிறான். வாங்கட்டும். நல்ல எஃகு ஒரு மனுஷனை என்ன பாடு படுத்தும் என்பது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். அந்தப் பாட்டைப் பட்டவர் என் அக்காவின் கணவர். எங்கள் ஊருக்கே அவர் சொல்தா மாமா.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். மாமா இளவயதில் கப்பலேறிச் சைகோனுக்குப் போய், மீசை நரைக்கும் முன்பே பென்ஷனோடு திரும்பி வந்தவர். வில்லியனூருக்கு மேற்கே கரும்பும் நெல்லும் தவிர வேறெதுவும் தெரியாத எங்கள் ஊரில், காலையில் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகிற ஒரே ஆள் அவர்தான். காப்பி கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூடத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படி ஒரு ரோஷம். ஆனால் அவரைப் போலக் கொடுக்கிற கையும் அந்த ஊரில் வேறு கிடையாது. "சைகோன்லருந்து நான் கொண்டாந்ததுல உருப்படியானது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பென்ஷன், இன்னொண்ணு இந்தக் கத்தி" என்பார். மூன்றாவதாகக் கொண்டு வந்தது வாய் என்பார் என் அப்பா, அவர் காதில் விழாத தூரத்தில்.

அந்தக் கத்தியைத் தோலுறையிலிருந்து உருவுவதே ஒரு சடங்கு. முதலில் கையைக் கழுவி வேட்டியில் துடைப்பார். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, அலகில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொள்வார். பிரெஞ்சில் துருப் பிடிக்காத எஃகுக்கு ஒரு நீளமான பேர் சொல்வார். எங்கள் வாயில் அது நுழையவே இல்லை. "கத்தின்னா மச்சான், மடங்கக் கூடாது. மடக்குக் கத்தி வெத்தலைக் காம்பு கிள்ளத்தான் லாயக்கு. காட்டுக்கும் மேட்டுக்கும் போறவனுக்கு அலகு ஒரே துண்டா பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடணும். அப்புறம் எஃகு. எஃகு நல்லா இல்லன்னா அது கத்தியில்ல, தகரம்" என்பார். பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கத்தியால் அவர் ஒரு கரும்பை வெட்டி யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் நானே கேட்டேன். "சாறு படும்டா" என்றார். "துருதான் புடிக்காதுன்றீங்களே மாமா?" என்றேன். "துரு புடிக்காது. எம்மனசு கேக்கல" என்றார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பாகூர்ப் பக்கம். எங்கள் வகையறாவில் நலங்கு வைத்த நாளிலிருந்து தாலி கட்டுகிற வரை மாப்பிள்ளை கையில் ஒரு கத்தி இருக்க வேண்டும். மஞ்சள் வாடைக்குக் காத்துக் கருப்பு வரும், இரும்பைக் கண்டால் ஒதுங்கிவிடும் என்பது கணக்கு. கத்தி முனையில் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். முகூர்த்தத்தன்று பந்தல் வாசலில் பெண் வீட்டுப் பெரியவள் ஒருத்தி வந்து அந்தப் பழத்தை உருவுவாள். பழச்சாறு பட்ட இடத்தில் அலகு கறுத்திருக்கும். மாப்பிள்ளை மேல் விழுந்த கண்ணேற்றையெல்லாம் இரும்பு வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பழத்தைப் பிழிந்து எறிந்துவிட்டு மாப்பிள்ளையை உள்ளே விடுவாள். கல்யாணம் முடிந்தபின் அதே கத்திதான் அவனுக்கு ஆயுசுக்கும் கழனிக் கத்தி. ஆகவே எந்தக் கத்தி என்பது சின்ன விஷயமில்லை.

அப்பா ஊர்க் கொல்லரிடம் சொல்லி, பழைய வண்டிச் சக்கரத்துப் பட்டையில் ஒரு கத்தி அடித்து வைத்திருந்தார். கறுப்பாக, தடியாக, பார்த்தால் கோபக்காரன் மாதிரி இருக்கும். மாமா அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பி, "இது கத்தியா மாமா, இல்ல இன்னும் வண்டிதானா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மாப்ள, கத்திக்கு வேண்டியது மூணு. கைக்கு அடங்கணும், கல்லுல தீட்டுனா கூர் ஏறணும், வயல்ல தொலைஞ்சு போனா அழுகை வரக் கூடாது. உங்க கத்தி தொலைஞ்சா நீங்க கருமாதி வெப்பீங்க" என்றார்.  மாமா உறையோடு தன் கத்தியை அவிழ்த்து என் மடியில் வைத்தார். "இது மச்சானுக்கு. நான் குடுக்கறன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரும்புச் சாறு படக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை அந்த மனுஷர் இப்படியா தூக்கிக் கொடுப்பார்! அப்பா மறுப்பதற்குள் அக்கா குறுக்கே வந்து, "எங்க வூட்டுக்காரர் குடுக்கறத வாணாம்னா நான் கல்யாணத்துக்கே வரல" என்று மூக்கை உறிஞ்சினாள். மகளின் மூக்குக்கு முன்னால் அப்பாவின் மூன்று நியாயமும் எடுபடவில்லை.

நலங்கு முதல் அந்தக் கத்தியும் பழமுமாகத்தான் திரிந்தேன். சாப்பிட, தூங்க, விடிகாலையில் ஒதுங்க, எங்கே போனாலும் ஒரு கையில் அது. வரப்பில் குந்தியிருக்கும்போது ஆடு ஒன்று பழத்தை முகர்ந்துகொண்டே நிற்கும், விரட்டவும் முடியாது, எழவும் முடியாது. மாப்பிள்ளைக்குக் காவல் என்று மாமா பின்னாலேயே வருவார். காவல் எனக்கல்ல, கத்திக்கு என்பது எனக்குத் தெரியும். "கீழ போட்டுடாத மச்சான், கல்லுல மோதிடப் போவுது" என்று ஒரே நச்சரிப்பு.

முகூர்த்தத்தன்று பெண் வீட்டார் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. பாகூருக்கும் எங்களுக்கும் நடுவில் இங்கிலீஷ்காரன் மண். மாட்டுவண்டிகள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டும்போது ஒரு சுங்கச் சாவடி, திரும்ப நுழையும்போது ஒரு சாவடி. இரண்டிலும் சீர்வரிசைத் தட்டுகளை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த எரிச்சல் முழுவதையும் முடிந்து வைத்துக்கொண்டு முதல் வண்டியிலிருந்து இறங்கினாள் பெண்ணின் பெரியம்மா. பழம் உருவ வேண்டியவள் அவள்தான்.

பந்தல் வாசலில் நான் கத்தியை நீட்டினேன். பெரியம்மா பழத்தை உருவினாள். அலகு பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. அவள் முகமே அதில் தெரிந்தது, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "பாத்தீங்களா! இத்தினி நாளா பழம் குத்தியிருக்குது, ஒரு கறை உண்டா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதான் நானும் கேக்கறன். இன்னாய்யா இது?" என்றாள் பெரியம்மா. "இரும்பு கறுக்கலன்னா திருஷ்டிய வாங்கலன்னு அர்த்தம். வாங்காத திருஷ்டி எங்க போவும்? பையன் மேலதான் குந்திக்கினு இருக்குது. அதும் பக்கத்துல எம்பொண்ணு குந்தணுமா?"

"இது சாதாரண இரும்பு இல்லம்மா. இதுல எதுவும் ஒட்டாது" என்றார் மாமா.

"ஒட்டாதுன்னு நீயே சொல்றியே! அப்புறம் திருஷ்டி மட்டும் எப்படி ஒட்டும்?"

மாமா எஃகின் பெருமையை எடுத்துச் சொல்லச் சொல்ல என் கல்யாணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓடிப்போய் வண்டிப்பட்டைக் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் கவலையைவிட, அன்றைக்கே சொன்னேனே என்கிற சந்தோஷம்தான் அதிகம். பெரியம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூடவே இருந்தது இது. இப்ப அதக் கொண்டாந்து நீட்டுனா, நேத்து தின்ன சோத்துக்கு இன்னிக்கு உப்புப் போடறாப்ல இல்ல?" என்றாள். மணையில் உட்கார்ந்திருந்த ஐயர் முகூர்த்தம் போகிறது, போகிறது என்று அலறினார். பெண்ணின் அப்பா வாயே திறக்கவில்லை. அண்ணி பேச்சைத் தாண்டி அவர் எச்சில்கூட விழுங்கமாட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வண்டியைத் திருப்பிப் பூட்டச் சொல்லி அங்கே ஒரு குரல் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் என் மனசில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு எலுமிச்சம்பழத்துக்காக அவள் போய்விடப் போகிறாளே என்று மாமாவைப் பார்த்தேன். மாமாவும் என்னைப் பார்த்தார்.

"இங்க நெழலா இருக்குது. வெளிச்சத்துல பாத்தாதான் தெரியும்" என்று சொல்லி, என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனார். உச்சி வெயிலில் நின்றுகொண்டு என்ன நிழலைச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

திரும்பி வந்தபோது வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். இடது கையால் கத்தியை நீட்டினார். அலகு கறுத்துக் கிடந்தது. "நல்லா பாருங்கம்மா. கறுப்புதான். எங்கண்ணுதான் சரியில்ல" என்றார். பிறகு, ஊரும் உறவும் கூடியிருந்த அந்தப் பந்தலில், காப்பி தண்ணி என்றால் நாலு நாள் பேசாத அந்த மனுஷர் உரக்கச் சொன்னார்: "சைகோன்காரன் என்ன நல்லா ஏமாத்திட்டான். இதுவும் வண்டிப்பட்ட இரும்புதான்."

பெரியம்மா கத்தியை வாங்கினாள். விரலால் தொட்டு உடனே விரலை உதறிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? மேளத்த வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா மாமாவின் உள்ளங்கையில் வாழைப்பட்டைச் சாறு பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கல்யாணச் சோறு வெந்துகொண்டிருந்த கோட்டையடுப்புத் தணலில் கத்தியைச் செருகியிருக்கிறார். அலகு பழுத்ததும் பதற்றத்தில் பித்தளைப் பூணைப் பிடித்து இழுத்திருக்கிறார். மேலே கரியையும் பழத்தையும் போட்டுத் தேய்த்திருக்கிறார். "யார்கிட்டயும் மூச்சு வுடாத. தெரிஞ்சா அந்தப் பொம்பள பொண்ணக் கூட்டிக்கினு போயிடுவா" என்றார் என்னிடம். கத்தியைக் கொல்லரிடம் காட்டினேன். பதம் போனது போனதுதான் என்றார். கறுத்த இடத்தில் அடுத்த மழைக்குத் துருவும் ஏறியது.

அதன்பிறகு ஊர் சும்மா இருக்குமா? குடை காற்றுக்கு மடங்கினால் சைகோன் சரக்கு, மாடு பால் கொடுக்காவிட்டால் சைகோன் சரக்கு. சின்னப் பிள்ளைகள்கூட, "மாமா, சைகோன்ல இன்னா வாங்கனீங்க?" என்று கேட்டுவிட்டு ஓடும். வாயாலேயே வாழ்ந்த மனுஷர், "ஏமாந்துட்டன்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்பா மட்டும் நாளுக்கு நாள் கொழுத்தார்.

எங்கள் மூத்தவளுக்குக் காது குத்திய அன்று எல்லோரும் கூடியிருந்தோம். வயதாகிவிட்ட பெரியம்மா வெற்றிலை போட்டுக்கொண்டே மாமாவைப் பார்த்து, "இன்னா சொல்தா, கை ஆறிடுச்சா?" என்றாள். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் கை?" என்றார். "அடுப்புல சுட்டுக்கினியே, அந்தக் கை. கொம்பு பொசுங்குன வாசன எனக்குத் தெரியாதா?" மாமா தடுமாறி, "அப்புறம் ஏம்மா வுட்டீங்க?" என்றார். பெரியம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கறுக்கணும், அவ்ளோதான சம்பிரதாயம்? எப்படிக் கறுத்துச்சுன்னு நான் கேட்டனா?"

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அத்தனை வருஷமும் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கடைவாசல், கிணற்றடி, கோயில் மரத்தடி என்று ஒரு இடம் பாக்கியில்லை. தன் கத்தி அசல் எஃகு, சைகோனில் தன்னை எவனும் ஏமாற்றவில்லை, தானே நெருப்பில் போட்டேன் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தார். ஒருத்தர்கூட நம்பவில்லை. "ஏமாந்தவன் சொல்ற கத மாதிரியே இருக்குதுன்னு சிரிக்கறானுவ மச்சான்" என்றார். நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். "நீ மச்சான். நீ சொன்னா எவன் நம்புவான்?" என்று சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். 

என் மனைவி அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள். "ஊர் நம்பாட்டி போவுது வுடுங்க அண்ணே. நான் அன்னிக்கே பாத்துட்டன். என்ன எறக்கி வெச்சிருந்த பக்கத்து வூட்டு ஜன்னல்லருந்து நம்ம கொல்ல நல்லா தெரியும். கத்திய அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி நீங்க அத மேல்துண்டால தொடச்சீங்க. கை சுட்டதும் சத்தம் வரக் கூடாதுன்னு துண்டக் கடிச்சிக்கினீங்க. எல்லாம் பாத்தன்."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியம்மா திருஷ்டி, கிருஷ்டின்னு என்னென்னமோ சொல்லி அனுப்பிச்சாங்க, எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உங்களப் பாத்தப்புறந்தான், இப்படி ஒரு மனுஷன் இருக்கற வூட்டுல குப்ப கொட்டலாம்னு கழுத்த நீட்டுனன்."

குழம்பு ஊற்றினாள். மாமா சோற்றைப் பிசைந்தார். ரோஷம் எதுவும் இல்லாமலே அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டு எழுந்ததை என் ஆயுசில் அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.