குறைத்துச் சொன்ன எடை

தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு தையல்காரிக்கு மனப்பாடம். அவளை மட்டும் யாரும் அளந்ததில்லை. தன் ரவிக்கையைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே வெட்டிக்கொள்வாள்.

முட்டி இரண்டும் மிஷினை மிதிக்க மறுத்தபோதுதான் மகள் அவளை சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு திரை. அதில் தூரத்து நகரத்து டாக்டர். எடை மிக அதிகமானவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனை இலவசமாகச் செய்கிறார்களாம். அங்கிருந்த தராசின் முள் கடைசிக் கோடு வரை ஓடி, முட்டிக்கொண்டு நின்றது.

“பரவாயில்லம்மா. வெளியே எங்கயாவது எடை பாத்து, போன்ல சொல்லுங்க,” என்றார் டாக்டர்.

அவள் நிறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். அடுத்த முறை அதிலும் கொஞ்சம் குறைத்தாள். “சபாஷ்!” என்றார் டாக்டர். அவள் உடம்பை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. இன்னும் குறைத்தாள்.

“இவ்வளவு இறங்கிட்டீங்க, இனி ஆபரேஷனே வேண்டாம். உங்க இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடறேன்.”

போனில் காதை வைத்திருந்த மகள் முழங்கையால் இடித்தாள்.

“நான் நிறுக்கவேயில்ல டாக்டர். எல்லாம் பொய்.”

டாக்டர் திட்டவில்லை. “நாளைக்கு நிறுங்க. வீடியோவில நான் பாக்கணும்.”

அவளைத் தாங்கும் தராசு பழைய இரும்புக் கடையில்தான் இருந்தது.

“வாங்கக்கா! மிஷினை எடைக்குப் போடப்போறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“மிஷினை இல்ல. என்னை.”

சிரிக்க வாய் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்களை டீ குடிக்க விரட்டினார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். கிண்டல் செய்திருந்தால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அதற்கு அவளுக்கு வாய் உண்டு. இந்த மரியாதை அவளுக்குப் புதிது.

துருப்பிடித்த சைக்கிள் ஒன்றைத் தள்ளிவிட்டுத் தட்டின் மேல் ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“அசையாதேம்மா, நம்பர் ஆடுது.” மகள் போனைத் தராசுக்கு நேராகப் பிடித்தாள்.

“தெரியுது,” என்றது டாக்டரின் குரல். “இடம் உங்களுக்குத்தாம்மா. இனி எங்கிட்ட மறைக்காதீங்க.”

மகள் குதித்தாள். “அம்மா, கிடைச்சிடுச்சு! இறங்கு!”

அவள் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே மெல்லக் கேட்டாள்:

“கடைக்காரர் இந்தப் பக்கம் திரும்பிட்டாரா பாருடி.”