ஈக்களுக்கு இட்ட திருநீறு

இன்று மருமகள் தான் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் நச்சு அம்புத் தவளைகளை என் பொறுப்பில் விட்டு வேலைக்குப் போனாள்.

“மாமா, பேணியில இருக்கிற வெள்ளைத் தூளை, தீனிக்கு வாங்கின ஈயளில போட்டுக் குலுக்கி, பேந்து தொட்டிக்குள்ள விடுங்கோ. கல்சியம் இல்லாட்டித் தவளையள் செத்துப்போகும்.”

மரக்கறி மட்டுமே உண்ணும் நான், ஈக்களிடம் மன்னிப்பு வேண்டி அவ்வாறே செய்தேன்.

பின்னர் திருநீற்றுப் பேணியுடன் கோயிலுக்குச் சென்று, அன்பர் பலருக்கும் நீறு வழங்கினேன்.

திரும்பியபோது மருமகள் தொட்டியருகே ஒரு பேணியை முகர்ந்துகொண்டு நின்றாள்.

“மாமா, இது உங்கட திருநீறெல்லோ! அப்ப என்ர கல்சியம் எங்க?”

நான் மெல்ல என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

தவளைகள் நலமாகத் துள்ளுகின்றன. இன்று என் கையால் நீறு பெற்ற அன்பர்கள், தங்கள் நெற்றியெலும்பு உறுதிப்பட்டிருப்பின் இங்கே அறியத்தருக.