ஷூ போட்ட குதிரை

இலுப்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஐயனாருக்கு மண்குதிரை தூக்கிப்போகும் புரவி எடுப்புத் திருவிழா என்று ஊரில் முடிவானதுமே பிள்ளைகளுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். நேர்ந்துகொண்டவர்களுக்காக மண்குதிரைகள் செய்பவரும், பிறகு கோயிலில் அவற்றை வாங்கி வைத்துப் பூசை செய்பவரும் ஒரே ஆள்தான், எங்கள் வேளார். பெரிய குதிரைகளுக்கு மண் குழைத்து மிஞ்சியதை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடமும் லீவு. கேட்க வேண்டுமா?

என் மகள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் செய்த குதிரைக்கு ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி, உதட்டுச்சாயம் வரைக்கும் உண்டு. ஐயனார் குதிரைக்கு எதற்கடி இத்தனை சிங்காரம் என்று கேட்டேன். "இது பொம்பளப் புள்ளம்மா. ராத்திரி காவலுக்கு அவருகூடப் போறதே இவதான்" என்றாள். எதிர்வீட்டுப் பையன் டிராக்டர் செய்தான். வயல் வழியாக ரோந்து போக அதுதான் தோது என்பது அவன் கட்சி. மழையில் சுற்றினால் சாமிக்குச் சளி பிடிக்குமா, டிராக்டர் ஓட்டும்போது அருவாளை எங்கே வைப்பார் என்றெல்லாம் என் வீட்டு வாசலில் அவர்கள் போட்ட சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்று, ஒருநாள் குழம்பைத் தீயவிட்டேன். நான் கும்பிடுகிற சாமியைப் பற்றி நான் இத்தனை யோசித்ததே இல்லை.

என் மகன் மட்டும் யாரோடும் சேராமல், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தான். ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இடது கால் கொஞ்சம் குட்டை. அதற்காகத் திருச்சியில் அளவெடுத்துச் செய்த ஷூ போட்டிருக்கிறான். இடது பக்கத்து அடி மட்டும் செங்கல் மாதிரி தடியாக இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஓடுவான், பந்து உதைப்பான், என் பேச்சைக் கேட்காமல் மதில்மேல் ஏறுவான். கழற்றிவிட்டால் அடுப்படிக்கு வருவதற்குக்கூடச் சுவரைப் பிடிக்க வேண்டும்.

கோயில்காட்டில் ஓர் எல்லைக்கல் உண்டு. அதற்கு அப்பால் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கலெக்டரே வந்தாலும் அங்கே கழற்றியாக வேண்டும். அதனால் அந்தக் கல்லருகே வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு, அவன் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொள்வார். போன எடுப்பில் கூடப் படிக்கிற பையன்கள் அதைப் பார்த்து, "ஏய், பால்குடிப் பாப்பா வருதுடா!" என்று சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. இனிமேல் தூக்கினால் கோயிலுக்கே வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்லப் போனார். "நீங்க பேசாதீங்கப்பா, தூக்குறதே நீங்கதான்" என்று அவருக்கும் கிடைத்தது.

அப்படிப்பட்டவன் இந்த முறை தானாகவே குதிரை செய்ய உட்கார்ந்தது எனக்கு ஆச்சரியம். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஐயனாருக்கு நன்றிகூடச் சொன்னேன். பயல் வேறு கணக்குப் போட்டிருக்கிறான்.

எடுப்பு அன்று காலையில் வேளார் குதிரைகளுக்குக் கண் திறந்தார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மையைத் தொட்டுக் கருவிழி வைப்பார். கண் திறந்துவிட்டால் அது வெறும் மண் இல்லை, சாமி சொத்து. அதற்குப் பிறகு ஒரு காது உடைந்தாலும் பின்னம் என்று ஒதுக்கிவிடுவார்கள், கோயிலுக்கு ஆகாது. பிள்ளைகள் செய்தவை வரிசையின் கடைசியில் இருந்தன. பாவம் மனிதர், டிராக்டருக்கும் முன்விளக்கில் கண் திறந்துவிட்டார். என் மகனின் குதிரை கழுத்திலிருந்து குளம்பு வரை ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றது. பெரிய குதிரைகளுக்குப் புது வேட்டி சுற்றுவது வழக்கம்தான் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூளையில் சின்னச் சாமான்களைப் பிள்ளைகளையே அடுக்கச் சொல்லியிருந்ததால் வேளாரும் அதை முன்பு பார்த்திருக்கவில்லை.

மேளம் முன்னால் போக, பெரிய குதிரைகள் ஆட்களின் தோளில் போக, அவன் தன் குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். எல்லைக்கல்லில் வேளார் சூடம் காட்டி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். இவன் முறை வந்தபோது இவனே துண்டை உருவினான்.

குதிரையின் முன்னங்கால் ஒன்று குட்டை. அதன் அடியில் தடித்த ஷூ. லேஸ் முடிச்சு வரைக்கும் ஈர்க்குச்சியால் கீறி வைத்திருந்தான்.

"என்னடா அப்பு இது? குதிரை செருப்புப் போட்டிருக்கு?" என்றார் வேளார்.

"செருப்பு இல்ல மாமா, ஷூ."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. கல்லத் தாண்டி ஆகாது. கழட்டு."

"கழட்ட வராது மாமா. சேந்து வெந்துருச்சு."

கூட்டத்தில் ஒருவர் கம்பை நீட்டி, லேசாகத் தட்டினால் பெயர்ந்துவிடும் என்றார். என் மகன் குதிரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "தட்டுனா பின்னமாயிரும்ல? மாமா கண்ணு தொறந்துட்டாரு."

வேளார் மாட்டிக்கொண்டார். ஷூவோடு விட்டால் எல்லைக்குக் குற்றம். உடைத்தால் அவரே கண் திறந்த குதிரை பின்னம். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு வெட்கம், அதற்கு மேல் சிரிப்பு. மகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அழுதுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். குதிரைக்கு வழி விட்டால் தனக்கும் வழி விடுவார்கள் என்றுதான் பிள்ளை இத்தனை நாளும் மண்ணைப் பிசைந்திருக்கிறான்.

"அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சண்டைக்காரி குரலாகக் கேட்டது. "நெசக் குதிரைக்கு லாடம் அடிக்கிறாங்கல்ல? அதப் புடுங்கிட்டா ஐயனாரு ஏறுவாரு?"

வேளார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குதிரையை வாங்கித் தரையில் நிறுத்தினார். அந்தச் சரளை மேட்டில் அவருடைய குதிரைகளுக்கே அடியில் கல் அண்டக் கொடுக்க வேண்டும். இது ஆடாமல் நின்றது.

"நல்லாத்தான் நிக்கிது" என்றார். அப்படியே குனிந்து இவன் காலைப் பார்த்தார். "இதையும் கழட்டுனா நிக்க முடியாதுல்ல?"

இவன் முடியாது என்று தலையாட்டினான்.

"அப்ப ரெண்டு பேரும் வாங்க. மேளத்த அடிங்கப்பா, நேரமாகுது."

அவன் அப்பா பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டிக் குனிந்துவிட்டார். "நான் வாரேன்ப்பா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு அவன் கல்லைத் தாண்டி நடந்தான். டிராக்டர்காரன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் வீட்டுக்காரர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் அவன் பின்னாலேயே நடந்தேன். பெருமைதான், வேறென்ன.

சன்னதிக்கு முன்னால் பிள்ளைகள் தங்கள் குதிரைகளை வைத்தார்கள். உடம்பில் எது சுகமாக வேண்டுமோ அதை மண்ணில் செய்து வைப்பது எங்கள் பக்கத்து நேர்த்திக்கடன். கையும் காலுமாக அங்கே குவிந்து கிடக்கும். ஒவ்வோர் எடுப்புக்கும் நான் ஒரு மண்கால் வைப்பேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்ததால் அவன் இதுவரை அதைக் கவனித்ததில்லை. இப்போது என் பக்கத்திலேயே நின்று, நான் பையிலிருந்து எடுப்பதைப் பார்த்தான்.

"யாரு காலும்மா இது?"

"ஒன் காலுதான் சாமி. ஒனக்குச் சரியாகணும்னு வைக்கிறேன்."

வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். நேரான, அழகான கால்.

"என் காலு இப்படி இல்லையேம்மா" என்றான். குரலில் நிஜமான கவலை. "இத்தன வருசமா இதையா வச்ச? ஐயனாரு வேற யாருதோன்னு நெனச்சிருப்பாரு."

அக்காளை விரட்டி ஊருணிக் கரையிலிருந்து ஒரு பிடி ஈரமண் கொண்டுவரச் சொன்னான். அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, என் மண்காலின் அடியில் தடிமனாக அப்பி, நகத்தால் லேஸ் கீறினான். அவன் கீறி முடிக்கும்வரை நான் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு இருவருமாக அதை வைத்துவிட்டுக் கும்பிட்டோம். இதுதான் என் பிள்ளை, அடையாளம் பார்த்துக்கோப்பா என்று மட்டும் ஐயனாரிடம் சொன்னேன்.